200 மடங்கு அடர்த்தி மட்டும்தான் எல்லையா?
ஈர்ப்பால் பிணைந்த கேலக்ஸிகளின் கூட்டமான கேலக்ஸிக் கொத்துக்கு எல்லை கிடையாது, உள்ளே சராசரி அடர்த்தி பிரபஞ்சத்தின் மாறுநிலை அடர்த்தியைப் (பிரபஞ்சவெளி தட்டையாக இருக்கத் தேவையான அடர்த்தி) போல 200 மடங்காக இருக்கும் ஆரத்தை எல்லையாக நாமாக வைத்துக்கொள்கிறோம் என்கிறது கொத்துகள் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. அந்த 200 நம் வசதிக்கான கணக்கு, சரி. ஆனால் இயற்கையே போட்ட எல்லை ஒன்று உண்டு: ஸ்பிளாஷ்பேக் ஆரம். கொத்துக்குள் விழும் கரும்பொருள் (ஒளி விடாத, ஈர்ப்பால் மட்டுமே தெரியும் பொருள்) மையத்தைக் கடந்து மறுபக்கம் ஏறி, எறிந்த கல் உச்சியில் தயங்குவதுபோல வேகம் இழந்து திரும்புகிறது. அந்த இடத்தைத் தாண்டினால் அடர்த்தி சட்டென்று சரியும். வானியற்பியலாளர்கள் டீமரும் கிராவ்ட்சோவும் 2014இல் கணினி உருவகப்படுத்தலில் காட்டிய சரிவு இது. 2016இல் சுர்ஹுத் மோரே குழு, வானத்தின் பெரும்பகுதியைப் படமெடுத்த ஸ்லோன் வானாய்வின் கொத்துகளைச் சுற்றியுள்ள கேலக்ஸிகளை எண்ணி வானத்திலும் அதைக் கண்டது. ஆரம் மட்டும் கணிப்பைவிடச் சுமார் 20 சதவீதம் குறைவு! அப்புறம் சுன்யாயெவ்-செல்டோவிச் விளைவை (பிரபஞ்ச நுண்ணலைப் பின்னணியில் கொத்தின் சூடான வாயு விடும் தடம்) வைத்துத் தேர்ந்தெடுத்த கொத்துகளில் கணிப்போடு ஒத்துப்போனது. கட்டுரையில் இதற்கு ஒரு பத்தியாவது கொடுத்திருக்க வேண்டும்.