பாட்டம் கட்டிக்கொண்டிருந்தேன்

போன துலாவர்ஷத்தில், அதாவது ஐப்பசி மழையில், ஒரு சாயங்காலம் இடி விழுந்து, என் போட்டோஸ்டாட், டிசைன் கடையில் இருக்கும் மூன்று கம்ப்யூட்டரில் நடுவில் இருந்ததன் போர்டு போய்விட்டது. யுபிஎஸ் இருந்தது, எர்த் இருந்தது. பாலக்காட்டு எல்லையில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் துலாம் மாசத்து இடி இதையெல்லாம் விசாரித்துவிட்டு விழுவதில்லை. கோயமுத்தூருக்குக் கொண்டுபோய் வேறு போர்டு போட்டேன். ஹார்ட் டிஸ்க் பிழைத்துக்கொண்டது, பத்து வருஷத்துப் பைலும் பத்திரம். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டும்போது பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

வந்து ஆன் பண்ணினால், கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்ணுகிற சாஃப்ட்வேர் திறக்க மாட்டேன் என்கிறது. பெயர் வேண்டாம். இது வேறு கம்ப்யூட்டராம், என் லைசென்ஸ் இதற்குச் செல்லாதாம். அதே மேசை, அதே மானிட்டர், ஸ்பேஸ்பார் தேய்ந்து பளபளக்கும் அதே கீபோர்டு. வேறு கம்ப்யூட்டராம்!

பில் என்னிடம் இருக்கிறது. வீட்டுக்காரி வளையலை வைத்து வாங்கியது. ஊரே கிராக் போட்டு ஓட்டிக்கொண்டிருந்த நேரத்தில், திருட்டு வேண்டாம் என்று காசு கொடுத்து வாங்கிய மடையன் நான். கம்பெனி நம்பருக்கு அடித்து, முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு பெண் வந்தார். "அந்த வெர்ஷனுக்கு ஆக்டிவேஷன் நிறுத்தியாச்சு சார். இப்ப மாசச் சந்தாதான்." நான் வாங்கினதுதானே அம்மா என்றேன். "நீங்க வாங்கினது சாஃப்ட்வேர் இல்ல சார், அதை யூஸ் பண்றதுக்கு அனுமதி." அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமே இல்லை. இத்தனை வருஷத்தில் என்னிடம் உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து, 'சம்மதம்' என்று கண்ணை மூடிக்கொண்டு அமுக்குவோமே, அந்த ஒப்பந்தத்தை வாழ்க்கையில் முதல்முறை படித்தேன். உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்கக் கூடாது. இன்னொருத்தருக்குக் கைமாற்றக் கூடாது. அவர்கள் நினைத்தால் வந்து சோதனை போடலாம். சாஃப்ட்வேரால் எனக்கு எவ்வளவு நஷ்டம் வந்தாலும், நான் கொடுத்த விலைக்கு மேல் கேட்க முடியாது.

படிக்கப் படிக்க எனக்கு எங்கள் அப்பிச்சி (தாத்தா) ஞாபகம் வந்தது. சித்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இது சட்டென்று புரியும். அப்பிச்சி வெறும்பாட்டக் குடியான்; பாட்டம் என்றால் குத்தகை. உழுவது அவர், வரப்பு கட்டுவது அவர், நிலம் ஜன்மியுடையது, அதாவது பரம்பரை நிலச்சொந்தக்காரருடையது. அவருக்கு மேலே காணத்துக்கு, அதாவது ஜன்மிக்கு முன்பணம் கொடுத்துக் குத்தகைக்கு, எடுத்திருந்தவர் ஒருத்தர். அந்தக் காணக்காரரும் 12 வருஷத்துக்கு ஒருமுறை ஜன்மிக்குப் பணம் கட்டிப் பொளிச்செழுத்து வாங்க வேண்டும், சீட்டைப் புதுப்பிக்க. 1970 ஜனவரி 1-ஆம் தேதி கேரளத்தில் ஜன்மி முறையே சட்டப்படி ஒழிந்தது. அப்பிச்சிக்குப் பட்டா வந்தது. அதைப் பிரேம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார். அவர் பேரன் நான், மூன்று கம்ப்யூட்டர் போட்டு முதலாளி என்று உட்கார்ந்து, பாட்டம் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஜன்மிக்காவது 12 வருஷத்துக்கு ஒருமுறை பொளிச்செழுத்து. இந்த சாஃப்ட்வேர்க்காரனுக்கு மாசாமாசம்.

மறுநாள் கூட்டாளி ஒருத்தன் வந்தான். "ஏனுங்கண்ணா இதுக்குப் போயி, 200 ரூவாய்க்குக் கிராக் போட்டுத் தாரேன்." வேண்டாம் என்றேன். திருடினாலும் ஜன்மி ஜன்மிதான். ஊரில் பத்துக் கடை திருட்டுக் காப்பியில் பழகினால், பதினோராவது கடைக்காரனும் அதையேதான் வாங்கியாக வேண்டும்.

வழி காட்டியது ஒன்பதாவது படிக்கிற என் மகள். இங்கே தமிழ் மீடியத்தில்தான் படிக்கிறாள். "இங்க்ஸ்கேப்ல பண்ணலாமேப்பா" என்றாள், ஏதோ மிளகாய்ப்பொடிக்குப் பதிலாக மிளகு போடலாமே என்பதுபோல. டிசைன் வரைய இங்க்ஸ்கேப், போட்டோ திருத்த ஜிம்ப், காசில்லாத இந்த சாஃப்ட்வேர் எல்லாம் அவளுக்குப் பாடம். கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் 2001-ல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி, இப்போது கைட் என்று பெயர் மாறியிருக்கும் திட்டத்தில் பிள்ளைகள் பழகுவது விண்டோஸுக்குப் பதிலாக, லைசென்ஸ் காசு இல்லாத லினக்ஸில். நமக்குத்தான் அது ஏதோ விஞ்ஞானி சமாச்சாரம். இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-ல் கைட் ஒரு கணக்குச் சொன்னது, 2 லட்சம் கம்ப்யூட்டருக்கு. வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு ஒன்றரை லட்சம். கொஞ்சம் தாராளமான கணக்குதான். அவ்வளவு விலை கொடுத்து எந்த சர்க்காரும் வாங்காது. ஆனால் முக்கால்வாசியைத் தள்ளிவிட்டாலும் மிச்சம் சின்னத் தொகையில்லை.

இந்த லினக்ஸ் சமாச்சாரத்தின் ஆரம்பம் ஒரு பிரிண்டரில் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 1980 வாக்கில் அமெரிக்காவில் எம்ஐடி ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்று ஒருத்தர். ஜெராக்ஸ் கம்பெனியின் லேசர் பிரிண்டர் அங்கே வந்தது. பேப்பர் சிக்கும், வேறு மாடியில் இருப்பவனுக்குத் தெரியாது, போய்ப் பார்த்தால் ஒன்றும் அச்சாகியிருக்காது. சிக்கினால் எல்லாருக்கும் செய்தி போகிற மாதிரி நானே எழுதிக்கொள்கிறேன், புரோகிராமின் மூல எழுத்தை (சோர்ஸ் கோடை) கொடு என்று கேட்டார். அதை வைத்திருந்தவர், யாருக்கும் தருவதில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். மழைக்காலத்தில் ஈரப்பேப்பர் சிக்கிச் சிக்கிக் கையெல்லாம் டோனர் ஆகிற போட்டோஸ்டாட் கடைக்காரனுக்கு இந்தக் கோபத்தை யாரும் விளக்க வேண்டாம். 1983-ல் ஸ்டால்மன் குனு என்ற சாஃப்ட்வேர் திட்டத்தை அறிவித்தார். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் அதனுடன் சேர்ந்தது. இதை எதற்கும் பயன்படுத்தலாம், பிரித்துப் படிக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். தமிழில் 'கட்டற்ற' மென்பொருள் என்று யார் முதலில் சொன்னாரோ, அவர் கைக்கு ஒரு தங்கக் காப்பு போடலாம்.

சரி, மாறியது சுகமா என்றால், முதல் மாசம் அழுகை. லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் போட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பிரிண்டர் தானாகப் பிடித்துக்கொண்டது. சிக்கியது பழைய பைல்களில், அதுவும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில். நமக்குத் திரையில் 'அம்மா' என்று தெரியும். உள்ளே கம்ப்யூட்டர் எழுதி வைத்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு மாறினால் அம்மா போய் எம்கே வந்துவிடும். பத்து வருஷத்துக் கல்யாணமும் காதுகுத்தும் இங்கிலீஷ் எழுத்துக் குப்பையாக நின்றன. எல்லாவற்றையும் யூனிகோடுக்கு, அதாவது எழுத்துரு மாறினாலும் தமிழ் தமிழாகவே நிற்கும் முறைக்கு, மாற்றி வருகிறேன். மாற்றிய எழுத்தில் சில இடத்தில் கொம்பு இடம்மாறி விழுகிறது, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு மாப்பிள்ளையின் தாத்தா பெயர் பிழையோடு புரூஃப் போய், அவர்கள் வீட்டில் நான் வாங்கியது தனிக் கதை.

இந்த ஊர்ப் பத்திரிகை பாதி தமிழ், பாதி மலையாளம். பெண் வீடு ஒரு பாஷை, மாப்பிள்ளை வீடு ஒரு பாஷை. ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற குழுவின் மஞ்சரி எழுத்துரு மலையாளத்துக்கு அழகாக உட்கார்ந்துவிட்டது. அதே குழு தமிழுக்கும் மீரா இனிமை என்று ஒன்று செய்து சும்மா கொடுத்திருக்கிறது. முல்லைப்பெரியாறு சண்டை போடுகிறவர்கள் இதை ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். இங்க்ஸ்கேப்பில் நான்கு கலர் பிரித்து ஆப்செட்டுக்குக் கொடுப்பது சரிவரவில்லை, அதற்குப் பக்கம் அமைக்கிற ஸ்கிரைபஸ் சாஃப்ட்வேர் வழியாகப் போய் பிடிஎஃப் எடுக்கிறேன். அச்சகத்தில் "ஒரிஜினல் பைல் அனுப்புங்க" என்பார்கள். பிடிஎஃப்தான் ஒரிஜினல் என்று மூன்று முறை சண்டை போட்டேன், இப்போது பழகிவிட்டார்கள். கைரேகை வைக்கிற மெஷினுக்கு என்னிடம் இருக்கும் டிரைவர் லினக்ஸில் ஓடவில்லை. அதற்காக ஒரு கம்ப்யூட்டரைப் பழையபடியே மூலையில் வைத்திருக்கிறேன். ஆக மூன்றில் இரண்டுதான் விடுதலை.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு நின்றதே, 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும் என்கிறார்களே, அதனால் நன்றாக ஓடுகிற பெட்டியை ஆக்கருக்கு, அதாவது பழைய சாமான் கடைக்கு, போட இருப்பவர்கள் ஒரு வாரம் பொறுங்கள். என் கடை முன்னால் இருப்பது நாலாம் தலைமுறை ஐ3 புராசஸர் போட்ட பழைய பெட்டி. வேகமான டிஸ்க், எஸ்எஸ்டி, ஒன்று மட்டும் போட்டேன், ஓடுகிறது.

மின்ட் ஏற்றிய பென்டிரைவ் இரண்டு கல்லாவில் கிடக்கிறது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து ஆட்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வாருங்கள், ஏற்றித் தருகிறேன். உங்கள் பைலை முதலில் வேறு இடத்தில் காப்பி எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒரு மணியிலிருந்து மூன்று வரை சாப்பாட்டுக்குப் பூட்டியிருக்கும். டீ உங்கள் கணக்கு.