வயல் நண்டுக்குக் கடல் இல்லை

யாழ்ப்பாணத்தவர்களாகிய நாங்கள் நண்டு என்றதும் கடலைத்தான் நினைக்கிறோம். நீலக்கால் நண்டும் கண்டல் ஓரத்துச் சேற்று நண்டும் எங்கள் சந்தையிலும் சமையலிலும் பெற்றிருக்கும் இடம் அப்படிப்பட்டது. மாரி மழை தொடங்கியதும் வயல் வரம்புகளிலும் குளக்கரைகளிலும் தலைகாட்டும் சிறிய மண்ணிற நண்டை எவரும் ஒரு பொருட்டாகக் கொள்வதில்லை. கமக்காரருக்கு அது வரம்பைத் துளைத்துத் தண்ணீரை ஒழுகவிடும் தொல்லை. பிள்ளைகளுக்கு அது விளையாட்டுப் பொருள். இலங்கையின் இயற்கைச் செல்வம் என்று பேசத் தொடங்கினால் யானையையும் சிறுத்தையையும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். ஆனால் இந்தத் தீவுக்கு மட்டுமே உரிய உயிர்கள் எவை என்று கேட்டால், முதல் வரிசையில் வைக்க வேண்டியவை நன்னீர் நண்டுகள். முகமது பாகிர், பீட்டர் இங் முதலிய ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி இலங்கையில் 51 நன்னீர் நண்டு இனங்கள் உள்ளன. அவற்றுள் 50 இனங்கள் உலகில் வேறெங்கும் இல்லாதவை.

இதற்கான காரணம் அவற்றின் இனப்பெருக்க முறையில் இருக்கிறது. கடல் நண்டு இலட்சக்கணக்கான நுண்ணிய முட்டைகளை இடுகிறது. அவற்றிலிருந்து வெளிவரும் குடம்பிகள் பெற்றோரின் சாயலே இல்லாமல் வாரக்கணக்கில் நீரோட்டத்தோடு மிதந்து, பல முறை தோலுரித்த பின்னரே நண்டின் உருவத்தை அடைகின்றன. ஓரிடத்து நண்டுகளை அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டாலும், வேறோர் இடத்திலிருந்து மிதந்துவரும் குடம்பிகள் அந்தக் குறையை ஓரளவு நிரப்பக்கூடும். நன்னீர் நண்டுக்கு இந்த வாய்ப்பு இல்லை. அது மஞ்சட்கரு நிறைந்த பெரிய முட்டைகளைக் குறைந்த எண்ணிக்கையில் இட்டு, வயிற்று மடிப்பின் கீழ்ச் சுமந்து காக்கிறது. குடம்பிப் பருவம் முழுவதும் முட்டைக்குள்ளேயே கழிந்துவிடுவதால், வெளிவருவது முழு உருவம் பெற்ற நண்டுக் குஞ்சு. குஞ்சுகள் பொரித்த பின்னரும் சில காலம் தாயின் மடிப்பிலேயே ஒட்டியிருக்கின்றன. குஞ்சு பிறக்கும்போது தாய் நண்டு இறந்துவிடும் என்று பழந்தமிழ்ப் புலவர்கள் நம்பிப் பாடினார்கள். உண்மையில் அந்தத் தாய் உயிரோடிருந்து தன் குஞ்சுகளைச் சுமந்து திரிகிறது. தமிழ் மரபு தாய்மைக்கு உவமையாக எடுத்துக்கொண்ட உயிரினம், அந்த உவமை சொன்னதைவிடப் பெரிய தாய்மை உடையது என்பதை அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

இப்படிப் பிறக்கும் குஞ்சு பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் போவதில்லை. ஒரு மலைமுகட்டுக்கு இப்பால் ஓர் இனமும் அப்பால் இன்னோர் இனமும் தனித்தனியே உருவானது இதனால்தான். எங்கள் வாசலிலேயே இதற்கு வியப்பான சான்று ஒன்று உண்டு. பனியூழிக் காலங்களில் கடல்மட்டம் நூறு மீற்றருக்கும் மேலாகத் தாழ்ந்தபோது ஆழமற்ற பாக்கு நீரிணை வறண்டு, இந்தியாவும் இலங்கையும் ஒரே நிலமாயின. சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்வரை இது பல தடவை நிகழ்ந்தது. அவ்வளவு அகன்ற நிலப்பாதை இருந்தும், இலங்கையின் நன்னீர் நண்டுகள் பெரும்பாலும் தமக்கென ஒரு தனிக்கிளையாகவே பெருகியிருக்கின்றன என்பதை 2004ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வு காட்டியது. நிலம் இணைந்த காலத்திலேயே கடந்துபோகாத ஓர் உயிர், நாங்கள் ஒரு குளத்தைத் தூர்த்தபின் இன்னொரு குளத்திலிருந்து தானாக வந்து குடியேறும் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்?

2009ஆம் ஆண்டு உலகின் 1,280 நன்னீர் நண்டு இனங்களின் நிலை முதன்முறையாகத் தொகுத்து ஆராயப்பட்டபோது, ஏறத்தாழ அரைவாசி இனங்களைப் பற்றி முடிவு சொல்லப் போதிய தரவே கிடைக்கவில்லை. இலங்கையிலோ ஆராயப்பட்ட 50 இனங்களில் 40 அழியும் ஆபத்தில் இருப்பதாகக் கணிக்கப்பட்டது. அவற்றுள் பெரும்பாலானவை தென்மேற்கு ஈரவலயத்திலும் மலைநாட்டிலும், தேயிலைக்காகக் காடு அழிந்த ஓடைகளின் ஓரத்தில் எஞ்சியிருப்பவை. வறண்ட சமவெளியின் நண்டுகள் அவ்வளவு நெருக்கடியில் இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை, ஏனெனில் எங்கள் குடாநாடு நன்னீரை மிகக் குறுகிய காலத்துக்கே நிலத்தின்மேல் வைத்திருக்கிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கே இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுகிறது. சுண்ணாம்புப் பாறைக்குள், உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீரும் அதற்கு நீரூட்டும் குளங்களும் கேணிகளும் துரவுகளுமே எல்லாம்.

நண்டின் உடல் இந்த நிலத்துக்குப் பொருந்திய விதத்தை நினைக்கும்தோறும் வியக்கிறேன். செவுள்களோடு, குருதி நாளங்கள் செறிந்த செவுள் அறைச் சுவரும் நுரையீரல்போலத் தொழிற்படுவதால் அது காற்றிலும் மூச்சுவிடும். குளத்து நீரைவிட அதன் குருதி உவர்ப்பு மிக்கது. இழக்கும் உப்பைச் செவுள்களே நீரிலிருந்து மீட்டெடுக்கின்றன. கோடையில் அது ஈரம் எஞ்சிய ஆழம்வரை வளை தோண்டி, மழை வரும்வரை அதற்குள் ஒடுங்கிக் கிடக்கும். ஆனால் வளர்வதற்கு மேலோட்டைக் கழற்றியே ஆகவேண்டும் என்ற ஒன்று அதன் பலவீனம். பூச்சியின் மேற்தோல் உருவாவதைத் தடுக்கும் கிருமிநாசினிகளும், பைரித்திரொயிட்டு என்னும் வகைப் பூச்சிமருந்துகளும் பூச்சிக்கு உறவினமான நண்டையும் தாக்கும். கிணற்று நீரில் நைத்திரேற்று கூடிவிட்டதென்று கவலைப்படும் நாங்கள், அந்தக் கிணற்றுக்கு ஊறும் அதே வயல் நீரில் வாழும் உயிரையும் அந்தக் கவலைக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும். அழுகிய இலையைத் தின்று மண்ணுக்குத் திருப்புவதும், கொக்குக்கும் நாரைக்கும் இரையாவதும் அதன் அன்றாட வேலை. நாற்றைக் கத்தரிக்கிறது, வரம்பைத் துளைக்கிறது என்ற கமக்காரரின் முறைப்பாடும் நியாயமானதே. அதற்கு வரம்பைச் செப்பனிடுவது தீர்வு, வளைக்குள் மருந்து ஊற்றுவது தீர்வாகாது.

அண்மைக்காலமாகக் குளங்களைத் தூர்வாரும் ஆர்வம் ஊர்தோறும் பெருகியிருப்பதை வரவேற்கிறேன். ஆனால் அந்த வேலை பெரும்பாலும் குளம் வற்றிய கோடையில், நண்டு கரைக்குள் ஒடுங்கியிருக்கும் அதே காலத்தில் நடக்கிறது. நான்கு பக்கமும் இயந்திரத்தால் வெட்டி, கருங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டிவிட்டால், மழை வந்த பின்னர் வளை தோண்டக்கூட மண் எஞ்சாது. ஆகவே தூர்வாரும் பொறுப்பில் உள்ளவர்களிடம் நான் கேட்பது சிறியது. ஒரு பக்கக் கரையையாவது மண்ணாகவே விட்டு, அந்தப் பக்கத்தை அந்த ஆண்டு வெட்டாமல் வையுங்கள். எங்கள் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் மாணவர்கள் வேலை தொடங்குமுன் அந்தக் கரைகளில் உள்ள வளைகளை எண்ணி, மாரியில் திரும்பவும் எண்ணினால், எங்கள் குளங்களில் எந்த இனங்கள் எவ்வளவு இருக்கின்றன என்ற பதிவு ஊரூராகச் சேரும்.