இடது பக்க ஜன்னல்

போன தீபாவளிக்கு பினாங்கில் இருக்கும் பட்டர்வொர்த் போனோம். கோலாலம்பூர் செந்தூலில் இருந்து கிளம்பும்போதே மதியம் மணி இரண்டு. வழக்கமாக நான் முன்னால்தான் உட்காருவேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்த அத்தையும் ஊருக்குத் திரும்பினார்கள். முட்டி வலி, காலை நீட்ட வேண்டும். அதனால் அவர்களை முன்னால் உட்கார வைத்துவிட்டு, பின்னால் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் நெருக்கி உட்கார்ந்துகொண்டேன். வலது பக்கம் எட்டு வயது மூத்தவன். இடது பக்கம் நாலு வயது பாப்பா, அவளுடைய கார் சீட்டில்.

தஞ்சோங் மாலிம் வரை ஒன்றும் தெரியவில்லை. தாப்பா வருவதற்குள் பாப்பா ஆரம்பித்துவிட்டாள். முகத்தை அப்படியும் இப்படியும் திருப்புகிறாள், பெல்ட்டை இழுக்கிறாள், சீட்டில் இருந்து நழுவப் பார்க்கிறாள். இந்த அழுகை எனக்குப் புதிதில்லை. எத்தனையோ பயணத்தில் முன் சீட்டில் இருந்து இதைக் கேட்டு, "சும்மா இரு பாப்பா, இதோ வந்துடும்" என்று சொல்லியிருக்கிறேன். அதட்டியும் இருக்கிறேன். அடம் என்றே நினைத்திருந்தேன்.

அன்றைக்கு அவளைச் சமாதானப்படுத்த அவள் பக்கம் சாய்ந்தேன். என் கன்னத்தில் வெயில் விழுந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோன மாதிரி இருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. அவள் பெல்ட் பக்கிளில் இருந்த இரும்பைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டேன். அவளுடைய இடது கையும் தொடையும் சிவந்து, ஈரமாக இருந்தன. அதே நேரத்தில் முன்னால் இருந்து அத்தை சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னார்கள்: "தம்பி, ஏர்கோனைக் கொஞ்சம் குறைப்பா, குளிருது."

ஒரே காருக்குள் முன்னால் குளிர், பின்னால் கொதிப்பு. அவர்கள் மேல் தப்பில்லை. எங்கள் காரில் பின்னால் ஏர்கோன் வாய் கிடையாது. முன்னால் இருப்பவருக்கு முகத்துக்கு நேரே காற்று வருகிறது, தலைக்கு மேல் இறக்கிவிடும் மறைப்பு இருக்கிறது, வெயில் பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லத் தெரியும். பாப்பாவுக்கு மூன்றும் இல்லை. பெல்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறோம், நகர்ந்து உட்காரவும் முடியாது. நாலு வயதுப் பிள்ளைக்கு "அம்மா, வெயில் என் மேல படுது" என்று சொல்லத் தெரியாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவள் சொல்லித்தான் இருக்கிறாள், அழுகையாக.

அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பிள்ளை வைத்திருப்பவர்கள் ஒரு நாள் மாலை, காரில் பிள்ளை உட்காரும் இடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். கார் நின்றுகொண்டிருக்கும்போது பார்த்தால் தெரியாது, ஓடும்போது பார்க்க வேண்டும்.

ஏன் பாப்பா பக்கம் மட்டும் என்று அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். நம் நாட்டில் காரை இடது பக்கம் ஓட்டுகிறோம். ரோட்டோரமாக நிறுத்திப் பிள்ளையை ஏற்றி இறக்க வசதி, பாதுகாப்பு என்று கார் சீட்டை இடது பக்கம்தான் மாட்டுகிறோம். கோலாலம்பூரில் இருந்து பினாங்குக்கு வடக்கே போகிறோம். வடக்கே போகும்போது இடது பக்கம் மேற்கு. மதியத்துக்கு மேல் கிளம்பினால் வழி முழுக்க வெயில் இடது ஜன்னலில். சரி, திரும்பி வரும்போதாவது பரவாயில்லையா? நெரிசலுக்கு முன்னால் வந்துவிடலாம் என்று விடியற்காலையில் கிளம்புகிறோம். தெற்கே வரும்போது இடது பக்கம் கிழக்கு. காலை வெயிலும் அவள் முகத்திலேயே. போகும்போதும் வரும்போதும் ஒரே பிள்ளை வெயிலில் காய்கிறாள். வலது பக்கம் உட்கார்ந்திருக்கும் அண்ணன்காரன் "எனக்கு வெயிலே இல்லையே, இவ சும்மா அழறா" என்கிறான். நானும் அதை நம்பியிருக்கிறேன்.

தீபாவளி சமயத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அதனால் வடக்கே போகும் காருக்குப் பின் கண்ணாடி வழியாகவும் வெயில் வரும். கைக்குழந்தையைப் பின்னோக்கிய கார் சீட்டில் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தக் குழந்தைக்குப் பின் கண்ணாடிதான் நேர் எதிரே இருக்கிறது. நாம் பக்கத்து ஜன்னலை மூடிவிட்டுத் திருப்தியாக ஓட்டிக்கொண்டிருப்போம், குழந்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருக்கும். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு சன்ஸ்கிரீன் பூசுவதைவிட வெயில் படாமல் வைப்பதுதான் சரி என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

இன்னொன்று, நேரம். உச்சி வெயில்தான் மோசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே நடந்து போகிறவருக்கு அது உண்மை, இங்கே மதியத்தில் வெயிலின் கடுமையைக் காட்டும் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது சாதாரணம். காருக்குள் கணக்கு வேறு. சூரியன் தலைக்கு மேல் இருக்கும்போது காரின் கூரையே குடை. 1982 ஜனவரி 1இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். அதனால் கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவதே ஒன்றே கால் மணி வாக்கில்தான். ஐந்தரை மணிக்கு நர்சரியில் இருந்து பிள்ளையைக் கூப்பிட்டு வரும்போது, வேலை முடிந்துவிட்டது, பொழுது சாய்ந்துவிட்டது என்று நமக்குத் தோன்றும். வெயில் அப்போதுதான் ஜன்னல் உயரத்துக்கு இறங்கி, பிள்ளையின் முகத்துக்கு நேரே வருகிறது. அந்த நேரத்தில் புற ஊதாக் கதிர் குறைந்திருக்கும். ஆனால் சூடும் கண்கூச்சமும் குறையவில்லை. அதோடு நெரிசல் வேறு.

கண்ணாடி எல்லாம் ஒன்றுதானே என்பவர்களுக்கு: இல்லை. முன் கண்ணாடி இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது. பக்க ஜன்னல் பெரும்பாலும் ஒற்றைக் கண்ணாடி. 2016இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 29 கார்களை அளந்து பார்த்தார்கள். யூவிஏ என்ற புற ஊதாக் கதிரை முன் கண்ணாடி சராசரியாக 96 விழுக்காடு தடுத்தது. ஓட்டுநர் பக்க ஜன்னல் சராசரியாக 71 விழுக்காடுதான், சில கார்களில் 44 வரை இறங்கியது. முன்னால் இருக்கும் பெரியவர்களுக்கு எதிரே இருப்பது நல்ல கண்ணாடி, பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பது ஒற்றைக் கண்ணாடி.

அன்றைக்கு என்ன செய்தோம்? எல்லாரும் செய்வதைத்தான். தாப்பா ஓய்விடத்தில் நிறுத்தி, பையில் இருந்த துண்டை எடுத்து ஜன்னலில் செருகிக் கண்ணாடியை ஏற்றினோம். பாப்பா ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டாள். எனக்கு அவ்வளவு நிம்மதி. ஈப்போ தாண்டி இடது தடத்துக்கு மாற, ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் சிக்னல் போட்டார். பக்க மிரரில் எந்த வண்டியும் தெரியவில்லை. தலையைத் திருப்பிப் பார்த்தார், அங்கே துண்டுதான் இருந்தது. மெல்ல நகர்த்தினார். ஹாரன் சத்தம். துண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மோட்டார்சைக்கிள், பின்னால் ஒரு பெண், நடுவில் ஒரு சின்னப் பிள்ளை. இரண்டு அடி இருந்திருக்குமா, தெரியவில்லை. அவர் சட்டென்று திருப்பியதால் தப்பினார்கள். அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. என் பிள்ளைக்கு நிழல் கொடுக்கப் போய் இன்னொரு தாயின் பிள்ளையைக் காவு கொடுக்கப் பார்த்தோம்.

அன்றிலிருந்து துண்டு, கைலி, பத்திரிகை, கார்டோன் எதுவும் எங்கள் கார் ஜன்னலில் கிடையாது. குழந்தையின் கார் சீட் மேலேயே துணியைப் போர்த்திவிடுவதும் தவறு. காற்று போகாது, உள்ளே சூடு சேரும், குழந்தை எப்படி இருக்கிறது என்று நமக்கும் தெரியாது.

அப்புறம் கடையில் விற்கும் மறைப்புகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தேன். ரப்பர் உறிஞ்சி வைத்து ஒட்டும் வலை இரண்டு வாரத்தில் விழ ஆரம்பித்தது. கரடி, முயல் படம் போட்ட பட்டை சரியாக நடுவில் மறைக்கும், வெயில் ஓரத்தில் வரும். சுருட்டி இழுக்கும் வகையில் கெட்டியான கம்பி இருக்கிறது. பிரேக் அடித்தால் அது எங்கே பறக்கும் என்று யோசித்து எடுத்துவிட்டேன். கதவின் மேல் சட்டத்தோடு உறை மாதிரி மாட்டும் வலைத் துணிதான் கடைசியில் நின்றது. ஜன்னல் முழுவதையும் மூடுகிறது, கண்ணாடியை இறக்கலாம், வலை என்பதால் வெளியே இருப்பது மங்கலாகவாவது தெரிகிறது. ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்து, இடது தோளுக்கு மேல் திரும்பி, ஒரு மோட்டார்சைக்கிள் தெரியுமா என்று பார்த்த பிறகுதான் எதையும் மாட்டுங்கள்.

டின்டட், அதாவது கண்ணாடியில் ஒட்டும் கறுப்புத் தாள், போட்டால் போகிறது என்று சொல்வார்கள். நாங்களும் போட்டோம். 2019 மே 8 முதல் பின் ஜன்னலுக்கும் பின் கண்ணாடிக்கும் ஒளி அளவுக் கட்டுப்பாடு கிடையாது, எவ்வளவு கறுப்பாகவும் போடலாம். முன் கண்ணாடியில் 70 விழுக்காடு, முன் ஜன்னல்களில் 50 விழுக்காடு வெளிச்சம் உள்ளே வர வேண்டும். ஆனால் கறுப்பு வேறு, குளிர்ச்சி வேறு. மலிவான கறுப்புத் தாள் கண்ணைக் காக்கும், சூட்டை அவ்வளவாகக் காக்காது. சாயம் வெயிலை உறிஞ்சிக் கண்ணாடியே சூடாகி, அந்தச் சூடு உள்ளேயும் வரும். கடையில் ஒரு விளக்கை எரியவிட்டு, தாளுக்குப் பின்னால் கையை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அந்த விளக்கில் இருப்பது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர். வெயிலின் சக்தியில் அது ஏறக்குறைய பாதிதான், மீதியில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும் ஒளி. ஆகவே விளக்கை மட்டும் நம்பாமல், மொத்தச் சூரிய சக்தியில் எத்தனை விழுக்காட்டைத் தடுக்கும் என்று கேளுங்கள். டிஎஸ்இஆர் என்று அட்டையில் போட்டிருக்கும்.

சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காகப் பின் கண்ணாடியை முழுக் கறுப்பாக்க எனக்கு மனம் வரவில்லை. தூங்கும் பிள்ளையைக் காரிலேயே மறந்துவிட்டுப் போன செய்திகளை நாம் இந்த நாட்டில் படித்திருக்கிறோம். மூடிய காரில் முதல் அரை மணி நேரத்திலேயே சூடு பெரும்பாலும் ஏறிவிடும், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. சின்னப் பிள்ளைகளின் உடம்பு நம்மைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடாகும். அப்படி ஒரு நாளில் பிள்ளையைக் காப்பாற்றக்கூடியவர் அந்தப் பக்கம் நடந்து போகும் யாரோ ஒருவர்தான். அவர் கண்ணுக்குப் பிள்ளை தெரிய வேண்டும். நான் கைப்பையை எப்போதும் பாப்பாவின் காலடியில்தான் வைக்கிறேன், இறங்கும்போது அதை எடுக்கப் போனால் பாப்பா கண்ணில் படுவாள். உங்களுக்கு அவசியமில்லை என்று தோன்றினாலும் செய்யுங்கள்.

இனி சொல்வது சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். பட்டர்வொர்த்தில் நான் இந்தக் கதையைச் சொன்னபோது உறவுக்காரர் ஒருவர் உடனே சொன்னது, "ஆமா, மூடி வை. பொம்பளப் பிள்ளை, கறுத்துடுவா." மூத்தவனும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை. ராத்திரி படுக்கும்போது பாப்பா என்னிடம் கேட்டாள், "அம்மா, நான் கறுப்பாயிட்டேனா?" நாலு வயது. எனக்குப் பேச்சு வரவில்லை. தயவுசெய்து பிள்ளைகள் முன்னால் இப்படிப் பேசாதீர்கள். அவளுக்குச் சுட்டது, கண் கூசியது, அதற்காகத்தான் ஜன்னலை மறைக்கிறேன். அவள் நிறத்தை யாரிடமும் நான் மறைக்க வேண்டியதில்லை. மூத்தவன் பக்கமும் அதே வலைதான் மாட்டியிருக்கிறேன்.

அத்தை சொன்னது வேறு. "கொஞ்சம் வெயில் பட்டாத்தாம்மா உடம்புக்கு நல்லது, எலும்புக்குச் சத்து." அது உண்மைதான். ஆனால் தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் யூவிபி கதிரைக் கார் கண்ணாடி நிறுத்திவிடுகிறது. கண்ணாடி வழியாக வருவது சூடும் யூவிஏயும்தான். அத்தையிடம் இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப காலையில வாசல்ல நிக்க வைம்மா" என்றார்கள். இப்போது சனி, ஞாயிறு காலையில் பாப்பாவும் நானும் கேட்டுக்கு வெளியே செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம்.

மூத்தவன் பள்ளி வேனில் போகிறான். போன வாரம் மதியம் அது தாமான் முனையில் திரும்பும்போது பார்த்தேன். ஒரு பக்கம் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாம் புத்தகப் பையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வேன் அண்ணனிடம் பேசினேன். நல்ல மனிதர், நாளெல்லாம் ஓட்டுகிறார், இதை அவரிடம் யாரும் சொன்னதே இல்லையாம். வலைத் துணிக்குப் பெற்றோர் ஆளுக்குப் பத்து வெள்ளி போடலாம் என்று வாட்சப் குழுவில் எழுதியிருக்கிறேன். இதுவரை ஆறு பேர் சரி என்றிருக்கிறார்கள். அந்த வேனில் பிள்ளை போகிற மற்றவர்கள் இதைப் படித்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், சனிக்கிழமை துணி வாங்கப் போகிறேன்.