சீருடை உண்டு, துப்பாக்கி இல்லை

“இஸ்ரேல் ராணுவ முகாமில் தன்னார்வலராகச் சேர்ந்தால் சம்பளம், துப்பாக்கி, குடியுரிமை மூன்றும் கிடைக்கும்” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. மூன்றும் பொய்.

அது சர்-எல் என்ற, வெளிநாட்டவர் ராணுவ முகாம்களில் சம்பளமின்றி உதவும் திட்டம். 1982 லெபனான் போருக்கு ரிசர்வ் வீரர்கள் (மற்ற நாட்களில் சொந்த வேலை பார்த்து, தேவைப்படும்போது ராணுவத்துக்கு வருபவர்கள்) அழைக்கப்பட, கோலான் குன்றுகளில் அறுவடைக்கு ஆளில்லை. ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி அஹரோன் டவிடி வெளிநாடுகளிலிருந்து ஆள் திரட்டினார். அங்கிருந்து வளர்ந்ததுதான் இது.

இன்று வருபவர்கள் பெரும்பாலும் கிடங்கில் நிற்கிறார்கள்: மருந்துப் பெட்டி அடுக்குவது, காலாவதித் தேதி பார்ப்பது, உபகரணங்களைச் சுத்தம் செய்வது. தங்க இடமும் சாப்பாடும் உண்டு. விமானச் செலவு அவரவர் பாடு. வார இறுதியில் முகாமைவிட்டு வெளியேற வேண்டும். குழப்பத்துக்குக் காரணம், என் கணிப்பில், தன்னார்வலர்கள் ராணுவச் சீருடையில் இருக்கும் படங்கள்தான். உடை ராணுவத்துடையது, அணிந்திருப்பவர் சிப்பாய் அல்ல.