பனியன் கம்பெனியில் கேட்ட பாட்டு

போன வாரம் திருப்பூரில் ஒரு தையல் கம்பெனிக்குப் போயிருந்தேன். தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த ஒரு பையன், பீகார்க்காரன், இருபது வயது இருக்கும், போனில் போஜ்புரி பாட்டு போட்டிருந்தான். சூப்பர்வைசர் வந்து ஒரு சத்தம் போட்டார். "என்ன பாட்டுடா இது, நிறுத்து." பையன் மறுபேச்சில்லாமல் நிறுத்திவிட்டான். எனக்கு மனசு ஆறவே இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

பன்னிரண்டாவது முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் திண்டுக்கல், தேனி, மதுரைப் பக்கமிருந்து திருப்பூருக்கு பஸ் ஏறிய கூட்டத்தில் நானும் ஒருத்தன். 'ரோஜா' வந்த 1992-ஐ ஒட்டிய வருடங்கள். ஆறு மாதம் ஒரு கம்பெனி, சண்டை போட்டால் வேறு கம்பெனி, அதுவும் சலித்தால் மெட்ராஸ், அங்கே காசு தீர்ந்தால் மறுபடி திருப்பூர். லைன் வீட்டில் ஒரே அறையில் நாலைந்து பேர். சொந்தமாக டேப் ரெக்கார்டர் வாங்கும் நிலையில் எங்களில் யாருமே இல்லை.

எங்களுக்குப் பாட்டு என்றால் கம்பெனியில் ஓடுவதுதான். கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாக நின்றுகொண்டு, டெய்லர் தைத்துத் தள்ளும் துணியை எடுத்து அடுக்கிக்கொண்டே கேட்போம். தொண்ணூறு நிமிட கேசட்டில் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம். பக்கம் முடிந்தால் எங்கிருந்தாவது ஒரு குரல் வரும், "மாத்திப் போடுப்பா". கரண்ட் போனால் பவர் டேபிள், ஓவர்லாக் என்று தையல் மெஷின் எல்லாம் நிற்கும், கூடவே பாட்டும் பாதி வார்த்தையில் இழுபட்டு நிற்கும். கரண்ட் வந்ததும் அதே வார்த்தையின் மிச்சம் கனத்த குரலில் முனகி எழுந்து பாட்டாகும். இளையராஜாவின் சில பாட்டுகளை இன்று எவ்வளவு சுத்தமான ஒலியில் கேட்டாலும், அந்த இடம் வரும்போது என் காது அந்த இழுவைக்காகக் காத்திருக்கிறது.

அந்தப் பாட்டில் எதையும் நான் தேர்ந்தெடுக்கவில்லை. டெய்லர் அண்ணனுக்குப் பிடித்தது, சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு போய் யாரோ பதிவு செய்துகொண்டு வந்தது, டீக்கடையில் ஓடியது, ஊருக்குப் போகும் பிரைவேட் பஸ்ஸில் டிரைவர் போட்டது. பிற்பாடு காசு கொடுத்து, தேடித் தேடி நான் வாங்கிய கேசட்டுகள் எனக்கு அந்த வருடங்களைத் திருப்பித் தருவதில்லை. அடுத்தவன் போட்ட பாட்டுதான் தருகிறது. துணிச் சாயத்தின் வாடை, பசி, வீட்டுக்கு எழுதாமல் விட்ட கடிதம் எல்லாம் அதோடு சேர்ந்தே வருகிறது.

பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவைதான் பிற்காலத்தில் மனிதருக்கு அதிகமாக நினைவில் நிற்கின்றன என்று உளவியல் ஆய்வாளர்கள் 1980-களிலிருந்தே எழுதிவருகிறார்கள். முதல் வேலை, முதல் ஊர்மாற்றம், முதல் காதல் எல்லாம் அந்த வயதில்தானே. அந்த வயதில் காதில் விழுந்த பாட்டும் அதோடு ஒட்டிக்கொள்கிறது. "எங்க காலத்துப் பாட்டு போல வராது" என்று நாம் அடித்துச் சொல்வதற்குப் பாட்டின் தரம் மட்டும் காரணமில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள் இன்று இருப்பது அதே வயதில், அதே ஊரில், கிட்டத்தட்ட அதே மாதிரி அறைகளில். அவர்கள் பாட்டு உங்கள் காதுக்கு இரைச்சலாக இருக்கலாம். 'ரோஜா' வந்தபோது அதையும் இரைச்சல் என்று சொன்ன பெரியவர்கள் எங்கள் கம்பெனியிலேயே இருந்தார்கள். யாரும் கேசட்டைப் பிடுங்கவில்லை.

திருப்பூரில் கம்பெனி நடத்தும் நண்பர்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். காலை முழுக்க நம்ம பாட்டு ஓடட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஸ்பீக்கரை அந்தப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். பத்து இருபது வருடம் கழித்து அவர்கள் ஊரில் எங்கோ அந்தப் பாட்டு ஓடும்போது திருப்பூரும் நாம் அவர்களை நடத்திய விதமும் சேர்ந்துதான் அவர்களுக்கு ஞாபகம் வரும்.