குதிரைக்குக் கவசம், நமக்குக் கோவணம்

நேற்றிரவு, முழு விலை கொடுத்து வாங்கிய வீடியோ கேமை ஆசையாகத் திறந்தால், கதை தொடங்குவதற்கு முன்பே கடை திறந்துவிட்டது. நாயகனுக்கு ஒரு சிவப்பு மேலங்கி, கேமுக்குள் மட்டுமே செல்லும் 1,200 காசுகளாம். ஆனால் அந்தக் காசுகளை நிஜப் பணத்துக்கு 1,000, 2,500 என்று மூட்டையாகத்தான் விற்பார்களாம். மிச்சச் சில்லறை என் கணக்கிலேயே கிடந்து, அடுத்த மூட்டையை வாங்கச் சொல்லி என்னைப் பார்த்து இளிக்கும். தெருமுனை மளிகைக்கடைக்காரர் இப்படி வியாபாரம் செய்தால் சும்மா விடுவோமா?

2006இல் ‘ஒப்ளிவியன்’ என்ற கேம், அதில் வரும் குதிரைக்கான கவசத்தை இரண்டரை டாலருக்கு விற்றபோது கைகொட்டிச் சிரித்தோம். சிரித்த நாமேதான் இன்று வரிசையில் நிற்கிறோம். 2017இல் ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2’ கேம், வில்லன் டார்த் வேடரையே பூட்டி வைத்து, திறக்க 60,000 கிரெடிட் (அந்தக் கேமின் காசு) கேட்டது. பணம் கொடுத்தவனுக்கு வில்லன்கூடச் சொந்தமில்லை!

சரி, புதிதாக யோசிப்பவர்களையாவது வாழவிடுகிறார்களா? இசையின் தாளத்துக்கேற்ப எதிரிகளை அடிக்க வைத்த ‘ஹை-ஃபை ரஷ்’ கேம் 2023இல் பாராட்டு மழையில் நனைந்தது. அதைப் படைத்த டாங்கோ கேம்வொர்க்ஸ் ஸ்டுடியோவை மூடப்போவதாக மறு ஆண்டு மே மாதமே அதன் உரிமையாளரான மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. (பிறகு ஒரு கொரிய நிறுவனம் கைகொடுத்தது வேறு கதை.) ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை என்று ஊரோடு ஒத்து ஓடிய சோனியின் ‘கான்கார்ட்’ கேம் மட்டும் பிழைத்ததா? 2024 ஆகஸ்டில் வந்து, இரண்டே வாரத்தில் மூட்டை கட்டியது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசி சிணுங்குகிறது: ‘உங்களுக்காக மட்டும், சிவப்பு மேலங்கி, இன்னும் ஆறு மணி நேரம்!’