சம்பளமும் ஈவும்

மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகிற வழியில் ஒரு மதில் இருக்கிறது. ரப்பர் தோட்டத்து மதில். அதில் நீலப் பெயின்டில், தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி, "பாவத்தின் சம்பளம் மரணம்" என்று எழுதியிருக்கும். கீழே ரோமர் 6:23. பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போன காலத்திலிருந்து பார்க்கிறேன். மழையில் வெளுத்தால் யாரோ வந்து புதிதாக எழுதிவிட்டுப் போகிறார்கள். ஆனால் ஒரு தடவைகூட வசனத்தை முழுசாக எழுதினதில்லை.

அந்த வசனத்துக்கு மறுபாதி உண்டு. "தேவனுடைய கிருபைவரமோ நம்முடைய கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவினால் உண்டான நித்தியஜீவன்." மதிலில் இடம் போதவில்லையோ, எழுதினவருக்குப் பேசின கூலி அவ்வளவுதானோ, எப்போதும் பாதியோடு நிற்கும். நம் குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவர்கள்மேல், என்னையும் சேர்த்துத்தான், எனக்குள்ள மனத்தாங்கல் இந்த மதிலில் இருப்பதுதான். கிருபை என்று பாடுகிறோம், சம்பளக் கணக்கில் வாழ்கிறோம்.

போன மாதம் எங்கள் பகுதி ஜெபக்கூட்டத்தில் மத்தேயு 20ஆம் அதிகாரம் பேசவேண்டிய முறை என்னுடையது. திராட்சத்தோட்டக்காரர் கதை. விடியற்காலையில் ஆள் பிடிக்கிறார், நாளொன்றுக்கு ஒரு பணம் என்று கூலி பேசுகிறார். அப்புறம் மூன்றாம் மணி வேளை, ஆறாம் மணி வேளை, ஒன்பதாம் மணி வேளை என்று போய்ப்போய் ஆள் கூட்டி வருகிறார். கடைசியில் பதினோராம் மணி வேளை, நம் கணக்குக்குச் சாயங்காலம் அஞ்சு மணி. அப்போது வந்தவர்களுக்கும் அதே ஒரு பணம். நான் கணக்கு வாத்தியார். எனக்கே இந்தக் கணக்கு ஒவ்வாது. ஆனாலும் தயார் செய்து வைத்த விளக்கத்தைச் சொல்லி முடித்தேன். கட்டஞ்சாயாவும் ஏத்தங்காய் சிப்ஸும் வந்தன.

அப்போதுதான் பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணன் வாயைத் திறந்தார். முப்பது வருஷமாக ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். "சாரே, இது நியாயமாக்கும்? வெளுப்பாங்காலம் மூணு மணிக்குத் தலையில லைட்டக் கெட்டிட்டு மரம் மரமா நடக்கது நானாக்கும். வெயில் தாந்தப்பொறவு வந்தவனுக்கும் எனக்கும் ஒரே கூலியா? இப்பிடிக் குடுத்தா நாளைக்குக் காலத்த எவன் வருவான்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் கேட்டது வேதத்திலேயே இருக்கிற கேள்வி. "பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த எங்களுக்கு இவர்களைச் சமமாக்கினீரே" என்று முதலில் வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். அதற்கு எஜமான் தருகிற பதிலைச் சபைப் போதகர்களான ஐயர்மார் அதிகம் தொடுவதில்லை. "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?" வன்கண்ணன்! அடுத்தவன் தட்டில் விழுந்த மீன் துண்டைப் பார்க்கிற கண்.

எபேசியர் 2:8 நமக்கெல்லாம் மனப்பாடம். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." ஓய்வுநாள் பள்ளியில் இதை ஒப்பித்து நான் பென்சில் பாக்ஸ் பரிசு வாங்கியிருக்கிறேன். இலவசம் என்ற வசனத்தை உழைத்துப் படித்துப் பரிசு வாங்கியது இன்றைக்கு நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. இரட்சிக்கப்பட்டீர்கள் என்ற வினையைப் பாருங்கள். செயப்பாட்டுவினை, இறந்தகாலம். செய்தது நானல்ல, இனிமேல் செய்து முடிக்கவேண்டிய பாக்கியுமில்லை. "ஈவு" என்ற சொல்லும் எனக்குப் பிடிக்கும். வகுப்பில் ஈவு என்றால் வகுத்து வருவது, பக்கத்தில் மீதி என்று ஒன்று நிற்கும். இந்த நிருபத்தை எழுதின பவுல் சொல்கிற ஈவு, கொடை. அது ஆள் எண்ணிக்கையால் வகுக்கப்படுவதில்லை. எனக்குக் கிடைத்ததால் உனக்குக் குறையாது.

அப்படியென்றால் விசுவாசம் என்ன, அதுதான் நாம் கட்டுகிற கட்டணமா? பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். "உனக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை" என்று ஒரு தாயின் முகத்தைப் பார்த்துச் சொன்ன ஊழியக்காரரை எனக்குத் தெரியும். இதற்கு அந்த அண்ணனின் தொழிலிலிருந்தே பதில் எடுக்கலாம். மரத்தில் சிரட்டை மாட்டியிருக்கும். பால் சுரப்பது மரம். சிரட்டை ஒரு சொட்டும் சுரக்காது. ஆனால் பால் எடுத்த பிறகு மழைக்குக் கவிழ்த்து வைத்த சிரட்டை கவிழ்ந்தே இருந்தால் மறுநாள் பால் தரையில் போகும். விசுவாசம் நிமிர்த்தி வைத்த சிரட்டை, அவ்வளவுதான். சிரட்டைக்கு இதில் என்ன பெருமை?

பெருமை என்றதும் நம் மாவட்டத்து மயிலாடி ஞாபகம் வருகிறது. லண்டன் மிஷனைச் சேர்ந்த ஜெர்மன்காரர் ரிங்கல்தௌபே 1806இல் அங்கே வந்தார். அவரை வரவைத்தவர் மயிலாடிக்காரரான வேதமாணிக்கம். திருவிதாங்கூரில் அன்றைக்கு ஒடுக்கப்பட்ட சாதிகளுக்குத் தலைவரி உண்டு, ஊழியம் உண்டு. ஊழியம் என்றால் இன்றைக்கு நாம் சொல்கிற ஊழியம் இல்லை. அரசாங்கத்துக்குக் கூலி இல்லாமல் செய்யவேண்டிய கட்டாய வேலை. கொடுமையான அந்தச் சொல்லே எப்படிப் பிரசங்க மேடைக்கு ஏறியது என்று யாராவது எழுதினால் படிக்க ஆசை. வேலை செய்தும் கூலி கிடைக்காத ஜனங்களிடம் ஒருவர் வந்து, நீங்கள் ஒன்றும் செய்யாமலே உங்களுக்கு ஒரு ஈவு வைத்திருக்கிறது என்கிறார். வரி குறையும், ஊழியத்திலிருந்து தப்பலாம் என்று வந்தவர்களும் இருந்தார்கள். ரிங்கல்தௌபேக்கே அதில் சலிப்பு உண்டு. ஆனால் தப்ப வழி தேடுகிறவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலுடம்பை மூட, 1859இல் தோள்சீலைக்கு அரசாணை வந்தது வரைக்கும் நடந்த போராட்டத்துக்குள் இந்தப் போதனையும் ஓடுகிறது. பிறப்பால் உயர்ந்தவன் என்று எவனும் தேவனுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்த முடியாது. "ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு" என்று அடுத்த வசனம் சொல்கிறதே, அதை வாசித்த தாழ்ந்த குடில்களில் அது எப்படிக் கேட்டிருக்கும்!

அவர்களுடைய பேரன் பேத்திகள் நாம். இன்றைக்கு நம் பேச்சு என்ன? "நாங்க ஆறு தலைமுறை கிறிஸ்தவங்களாக்கும்." கல்யாணப் பேச்சில் முதலில் சாதி, அப்புறம் பவுன், அப்புறம்தான் பையன் ஜெபிக்கிறவனா என்பது.

ஒரு சம்பவம் சொல்லிவிடுகிறேன். சபைப் பெயர் வேண்டாம். என் பெரியம்மை ஒவ்வொரு நேரமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்துப் போடுவாள். காணிக்கை அரிசி. ஆயுள் முழுக்கச் செய்தாள். கடைசிக் காலத்தில் படுத்த படுக்கை. சபைக்குக் கட்டுகிற சந்தா நின்றுபோனது, எங்களில் யாருக்கும் கவனமில்லை, அது எங்கள் தப்புத்தான். அவள் இறந்த அன்று கமிட்டியிலிருந்து இரண்டு பேர் நோட்டோடு வந்தார்கள். பெட்டி வராந்தாவில் இருக்கிறது, இவர்கள் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏழு வருஷப் பாக்கியைக் கூட்டினார்கள். கார்பன் தாள் வைத்து ரசீது எழுதின பிறகுதான் ஆலயத்தில் சாவுமணி அடிக்க ஆள் போனது. கல்லறைத் தோட்டத்தில் வாசித்த வசனம் எது தெரியுமா? எபேசியர் 2:8.

சந்தா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆலயத்துக்குக் கரண்ட் பில் உண்டு, ஊழியருக்குக் குடும்பம் உண்டு. அந்த ரசீதை இன்னும் வேதப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். கோபத்துக்காக வைத்தேன். எப்போது கோபம் போனதோ தெரியவில்லை, தாள் மட்டும் இருக்கிறது.

மறுபக்கத்தையும் பேசவேண்டும். கிருபைதானே என்று சொல்லி எதற்கும் அசையாதவர்களும் நம்மிடம் உண்டு. எந்தக் கன்வென்ஷன் கூட்டத்தில், எந்தத் தேதியில் இயேசுவை ஏற்றுக்கொண்டு கை தூக்கினேன் என்று துல்லியமாகச் சொல்வார்கள். வட்டிக்கு விட்ட பணத்தையும் அதே துல்லியத்தோடு வசூலிப்பார்கள். யாக்கோபு இவர்களுக்குத்தான், கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது என்று எழுதினார். பவுலும் வேறு ஆள் இல்லை. எபேசியர் 2:8, 9 என்று ஒப்பிக்கிற நாம் 10ஐ விட்டுவிடுகிறோம். நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது 10. நற்கிரியையால் அல்ல, நற்கிரியைக்காக. இந்த நாலாம் வேற்றுமை புரிந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

சண்டை என்றால் பழைய சண்டை. 1517இல் லூத்தர் தொடங்கியது. எங்கள் அடுத்த வீடு கத்தோலிக்கர். நாங்கள் கிருபை என்றால் அவர்கள் அருள், நாங்கள் இரட்சிப்பு என்றால் அவர்கள் மீட்பு. சின்ன வயசில், அவர்கள் புண்ணியம் செய்து பரலோகம் போகப் பார்க்கிறார்கள், நாம்தான் சும்மா போகிறோம் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் சபைகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் சேர்ந்து, மனிதன் தேவனால் ஏற்றுக்கொள்ளப்படுவது தன் தகுதியால் அல்ல, கிருபையால்தான் என்று கையெழுத்துப் போட்டார்கள். எல்லா வித்தியாசமும் தீரவில்லை. ஆனாலும் அடித்தளத்தில் ஒத்துப்போகிறார்கள். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் போகிறவர்களுக்கும் எங்கள் சபையாருக்கும் இந்தச் செய்தியை மேடையில் சொன்ன ஒருவரையும் நான் கேட்டதில்லை.

சரி, அந்த அண்ணனிடம் வருகிறேன். சிரட்டைக் கதையை அடுத்த கூட்டத்தில் சொன்னேன். ரசித்தார். தொழில் தெரிந்தவர் என்பதால் சிரட்டையை எந்தச் சரிவில் கவிழ்க்கவேண்டும் என்று எனக்கே திருத்தம் சொன்னார். ஆனால் சமாதானம் ஆகவில்லை. மறுநாள் மூணு மணிக்கு எழுந்திருக்கவேண்டும் என்று சீக்கிரமே எழுந்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"எல்லாம் சரி சாரே. மறுநாள் காலத்த அந்தத் தோட்டத்துக்கு யாரு யாரு வேலைக்கு வந்தாங்கன்னு வேதத்துல உண்டுமா?"

இல்லை. வீட்டுக்கு வந்து 16ஆம் வசனம்வரை இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன், அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.